அஞ்சு நிமிஷ பாய்

கோட்டக்குப்பத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பிரான்ஸில் காலமெல்லாம் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அங்கே மீனை வெண்ணெயில் புரட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்து தருவார்கள். அதைத் தின்ற கோபத்தை இங்கே மிளகாயில் தீர்த்துக்கொள்கிறார்.

பாய் கணக்கில் எல்லா மீனுக்கும் அஞ்சு நிமிஷம்தான். "ரொம்ப ஈசிம்மா! நெத்திலி, தட்டின மிளகு, பூண்டு, சோம்பு. ஒரே புரட்டு, முடிஞ்சுது!"

அந்த அஞ்சு நிமிஷம் தொடங்குவதற்கு முன் கொல்லைப்புறக் குழாயடியில் அவர் மனைவி ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பார். அரைக் கிலோ நெத்திலியையும் ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடல் இழுத்து, கல் உப்புப் போட்டு அலச வேண்டும். மருமகள் மிளகு இடிப்பாள். பேரன் ஐஸ்கிரீம் பேரத்தில் பூண்டு உரிப்பான். எல்லாம் தட்டில் வந்து சேர்ந்ததும் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைவார், ஆபரேஷனுக்கு வரும் பெரிய டாக்டர் மாதிரி.

மீன் வாங்குவதில் மட்டும் உண்மையிலேயே கெட்டிக்காரர். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார். "இது நேத்தையதும்மா" என்பார். "உங்களுக்காக நான் கடலுக்குள்ளயா போவ முடியும் பாய்?" என்று கூடைக்காரம்மா எழுந்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தில், இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் சூடாகும். நாட்டுப்படகில் வரும் கொஞ்சநஞ்ச சங்கராவுக்கு ஊரே நிற்கும். ஐஸில் வந்த மீனைப் பாய் தொடமாட்டார். பாரிஸில் அத்தனை வருஷம் தின்றதும் ஐஸ் மீன்தான் என்று யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அவருடைய 'ட்விஸ்ட்' எப்போதும் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் மிளகாய். மத்தி வறுவலுக்கு முண்டு மிளகாய் விழுது, சங்கரா குழம்பில் மாங்காயோடு கீறிய பச்சைமிளகாய் ஒரு கைப்பிடி. கேட்டால், "நம்ம பாரம்பரியம்!" மிளகுதான் நம்மூர்ச் சரக்கு. மிளகாய் போர்த்துகீசியரோடு அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து, இங்கேயே தங்கிவிட்டது. பாயைவிட அதற்கு ஊர்ப்பாசம் அதிகம்.

விருந்தாளிகள் கண்ணீரோடு தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள். உறைப்பு தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வேதியியல் எதுவும் படிக்காத பாயின் மனைவி, ஆளுக்கொரு கிண்ணம் கெட்டித் தயிரை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார். பாராட்டு எல்லாம் வறுவலுக்கு. தயிர்தான் முதலில் தீரும்.

போன வாரம் ஒரு விருந்தாளி வாயை ஊதிக்கொண்டே, "மச்சான், அடுத்த தடவை சுறாப் புட்டு!" என்றார்.

"அதுவும் ஈசிதான்" என்றார் பாய்.

"ஆமாங்க" என்றார் மனைவி. "சுறாவை வேக வச்சு, தோலை உரிச்சு, நடு முள்ளை எடுத்து, உதிர்த்துப் பிழிஞ்சு, ஒரு படி சின்ன வெங்காயம் உரிச்சு நறுக்கிட்டா அப்புறம் அஞ்சே நிமிஷம். நாளைக்கு நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்களே செஞ்சிடுங்க."

பாய் உடனே வயிற்றைத் தடவிக்கொண்டார். டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறாராம்.