நெல் கோப்பு எங்கே?

திருத்துறைப்பூண்டி வாசகர்: நெல் ரகப் பட்டியல் கண்ணெதிரே இருக்கிறது, பைத்தான் நிரலோ 'அப்படியொரு கோப்பே இல்லை' என்கிறது. அதற்குக் கண் தெரியாதா?

திருத்துறைப்பூண்டி சந்திப்பில் ஒருவர் 'அடுத்த நிலையம்' என்று மட்டும் சொல்லிச் சீட்டுக் கேட்டால், திருவாரூர், காரைக்குடி, அகஸ்தியம்பள்ளி எனப் பிரியும் தடங்களில் எதற்கென்று கொடுப்பது? சார்புப் பாதை எனப்படும் வெறும் கோப்புப்பெயரை, நிரல் இருக்கும் கோப்புறையில் அல்லாமல், கட்டளை எங்கிருந்து இடப்பட்டதோ அந்த 'நடப்புக் கோப்புறை'யிலேயே கணினி தேடும் என்பதால், அது எதுவென்று நிரலின் முதல் வரியிலேயே அச்சிட்டுப் பார்ப்பது நல்லது.

டி டிரைவ் தொடங்கி முழுப் பாதையையும் எழுதியும் பிழை வருகிறதே?

கோப்புக்கு ஆங்கில எழுத்துகளில் 'நெல்' என்று பெயரிட்டதே வினை. பின்சாய்கோட்டை ஒட்டிச் சிறிய 'என்' வந்தால் பைத்தான் அதைப் புதுவரிக் குறியாகப் படிப்பதால், அறுவடைக்கு முன்பே நெல்லின் தலை போய் 'எல்' மட்டும் மிஞ்சுகிறது. யூனிக்ஸ் முன்சாய்கோட்டால் பாதையைப் பிரித்துவந்திருக்க, 1983இல் கோப்புறைகளைக் கொண்டுவந்த எம்எஸ்-டாஸ் 2.0, அக்கோடு கட்டளைத் தெரிவுகளுக்கு ஏற்கெனவே பட்டா ஆகிவிட்டதால் பின்சாய்கோட்டுக்குக் குடிபெயர்ந்தது. விண்டோஸிலும் பைத்தான் முன்சாய்கோட்டை மறுப்பின்றி ஏற்கும்.