உதிரி முட்டையின் இருப்பியல்: மளிகைக்கடை எக்செலை முன்வைத்து ஓர் ஆய்வு

முப்பது முட்டை ஓர் அட்டை. ஐந்துக்கு ஆறாகக் குழி போட்ட அந்தக் காகிதக்கூழ் அட்டை எல்லா மளிகைக்கடை வாசலிலும் அடுக்கிக் கிடக்கிறது. ஆனாலும் அதில் அடங்காமல் மிஞ்சும் உதிரி முட்டை எங்கே போகிறது, யார் கணக்கில் ஏறுகிறது என்ற வினாவுக்கு முனைவர் பட்டம் கோரி எவரும் வந்ததாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வின் எல்லை கோழி முட்டை. காடை முட்டையை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறோம்.

முதலில் அளவைச் சிக்கல். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் அன்றாட விலைப்பட்டியல் 100 முட்டைக்குப் பேசும். அதையே நாளிதழ் ‘ஒரு முட்டைக்கு இத்தனை காசு’ என்று போடும். நாமக்கல் லாரி ஏழு அட்டை கொண்ட பெட்டியில், அதாவது 210 ஆக, இறக்கும். வீட்டுக்காரர் அரை டஜன் கேட்பார். நூறு முட்டையை அட்டையில் அடுக்கினால் மூன்று அட்டை போக 10 மிஞ்சும். நூறும் அட்டையும் மிச்சமில்லாமல் சேரும் இடம் 300. பெட்டியையும் சேர்த்தால் 2,100, அதாவது பத்துப் பெட்டி. தெருமுனைக் கடையில் ஒரே நாளில் பத்துப் பெட்டி இறங்குவது நடக்கிற காரியமல்ல. ஆகவே மிச்சம் என்பது விபத்தன்று, நிரந்தரம். மீதியை வைத்தே எண்ணைக் கண்டுபிடிக்கும் வித்தையை 499இல் ஆரியபட்டர் எழுதிவைத்தார். பின்வந்தோர் அதற்குக் குட்டகம் என்று பெயரிட்டனர். அவருக்கு மொபைலில் எக்செல் இல்லாதது நம் நல்லூழ். இருந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

இனிக் களஆய்வு. ஒரு ஹோட்டலுக்கு நாளொன்றுக்கு 100 முட்டை வேண்டும். கடைக்காரர் அட்டை பிரிக்க மாட்டார். எக்செலில் ‘=சீலிங்(100,30)’ என்று அடித்தால் முப்பதின் அடுத்த மடங்கான 120 வந்து நிற்கும். நான்கு அட்டை. தவறில்லை. இதே ஃபார்முலாவைக் கீழே இழுத்துவிட்டுப் போகிறவரை இவ்வாய்வு ‘அட்டைவாதி’ என வகைப்படுத்துகிறது. மூன்று நாளில் அவர் 360 முட்டை வாங்கியிருப்பார். செலவு 300. மாதக் கடைசியில் 600 முட்டை உபரி. அதற்குமேல் அவர் ஆம்லெட்டை இலவசமாகத்தான் போட வேண்டும்.

எதிர்த்தரப்பான ‘உதிரிவாதி’ நேற்றைய மிச்சத்தை இன்றைய வரிக்குக் கொண்டுவருகிறவர். தேவை பி நிரலில், வாங்குவது சி நிரலில், மிச்சம் டி நிரலில். மூன்றாம் வரியில் வாங்க வேண்டியது ‘=சீலிங்(பி3-டி2,30)’; மிச்சம் ‘=டி2+சி3-பி3’. முதல் நாள் 120 வாங்கி 20 மிச்சம். மறுநாள் தேவை 80தான். 90 வாங்கி 10 மிச்சம். மூன்றாம் நாள் 90 வாங்கினால் மிச்சம் பூஜ்யம். மொத்தம் 300. மேலே சொன்ன அதே 300, சொல்லிவைத்தாற்போல! ஒரே எச்சரிக்கை: இரண்டாம் வரியை ஆரம்ப இருப்புக்கு ஒதுக்கி, டி2இல் ஓர் எண்ணை, ஒன்றுமில்லையென்றால் பூஜ்யத்தை, எழுதிவையுங்கள். அங்கே ‘மிச்சம்’ என்ற தலைப்பு இருந்தால், எழுத்தைக் கழிக்கச் சொன்ன கோபத்தில் எக்செல் ‘#வேல்யூ!’ என்று கத்தும்.

கூட்டலிலும் ஒரு கண்ணி உண்டு. மூன்று நாள் விற்பனை 4 அட்டை 18, 3 அட்டை 22, 2 அட்டை 25. இரு நிரலையும் தனித்தனியே கூட்டினால் 9 அட்டை 65 உதிரி. மூன்றாம் வகுப்பில் ‘கையில் ரெண்டு’ என்று படித்தவர்கள்கூட இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 65இல் இரண்டு அட்டை ஒளிந்திருக்கிறது. சரியான விடை 11 அட்டை 5.

ஆய்வின் உச்சம் கடனில் நிகழ்ந்தது. கடையில் இருந்தது 5 முட்டை. பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கி ஒருவருக்கு 8 கொடுத்தாயிற்று. இருப்பு மைனஸ் 3. பையன் தாளைப் பார்த்துச் சொன்னான்:

“அண்ணாச்சி, அட்டை பூஜ்யம், உதிரி 27னு காட்டுது.”

“எங்கடா இருக்கு? எடுத்துக் காட்டு.”

கோழியின்றி முட்டையிட்ட அந்த ஃபார்முலாக்கள் ‘=கோஷன்ட்(-3,30)’, ‘=மாட்(-3,30)’. கோஷன்ட் தசமத்தை வெட்டியெறிந்து பூஜ்யம் தரும். மாட்டோ வகுக்கும் எண்ணின் குறியையே பிடித்துக்கொண்டு 27 தரும். தனித்தனியே இரண்டும் யோக்கியர்கள். சேர்த்துவைத்தால் குடும்பம் நடக்காது. கோஷன்டுக்குப் பதில் ‘=இன்ட்(-3/30)’ போட்டால் மைனஸ் 1 வரும். மைனஸ் ஓர் அட்டையோடு 27 உதிரியைக் கூட்டினால் அதே மைனஸ் 3. கணக்கு நேராகிவிடும், ஆனால் அண்ணாச்சிக்கு மைனஸ் அட்டையை விளக்க இன்னொரு ஆய்வேடு தேவைப்படும்.

எனவே தீர்ப்பு இது. இருப்பை ஒரே நிரலில், முட்டை எண்ணிக்கையாகவே வைத்திருங்கள். அட்டை, உதிரி என்று பிரிப்பது பார்வைக்காக ஓரத்தில் இருக்கட்டும். அந்த இரு நிரலிலும் யாரும் கையால் எண் அடிக்கக் கூடாது. உடைந்த முட்டைக்குத் தனி நிரல் போடுங்கள். அதை மட்டும் எந்த ஃபார்முலாவும் அடுத்த வரிக்குக் கொண்டுபோகாது.