சம்பளம் கேட்டால் போலீஸ், கேட்காமலே இட்லி

அரசுக் கஜானாவைப் போல ஆள் பார்த்து நடந்துகொள்ளும் பொருள் உலகத்தில் வேறில்லை. கோட்டு போட்டவர் வந்து நின்றால் நிரம்பி வழியும். துடைப்பத்தோடு ஒருத்தி வந்து நின்றால் அடுத்த நொடியே காலி.

சந்தேகம் இருந்தால் பழைய கணக்கைப் புரட்டலாம். 2017 ஜூலையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் கடன் தள்ளுபடி கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே நாட்களில் நம் சட்டமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாய் ஆனது. கஜானா முணுமுணுக்கக்கூட இல்லை. 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது; அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. விலைவாசிக்கு ஏற்பத் தங்கள் சம்பளமும் ஏற வேண்டும் என்று 2018-லேயே சட்டத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். மனு இல்லை, மறியல் இல்லை, நடைபாதையில் மழையில் நனைய வேண்டியதும் இல்லை.

2019 செப்டம்பரில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெருநிறுவனங்களின் வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தார். புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. இலவசங்கள் நாட்டைக் கெடுக்கின்றன என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் அன்றைக்குக் கைதட்டினார்கள். பெரியவர்களுக்குக் கொடுத்தால் அது ஊக்குவிப்பு. ஏழைக்குக் கொடுத்தால்தான் இலவசம்.

இப்போது சென்னைக்கு வருவோம். 15 மண்டலங்களில் பெரும்பாலானவற்றின் குப்பையை மாநகராட்சி ஏற்கெனவே தனியாருக்குத் தாரைவார்த்துவிட்டது. 2025-ல் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் முறை வந்தது. அங்கே ஆண்டுக்கணக்கில் தெருக் கூட்டியவர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் ஆகஸ்ட் 1 முதல் உட்கார்ந்தார்கள். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம், ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனால் 17,000-கூடத் தேறாது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, வேலை பறிபோகாது என்று அதிகாரிகள் ஆறுதல் சொன்னார்கள். 2021 தேர்தலில் ஜெயித்தவர்கள் சொன்ன பணி நிரந்தரம் என்ன ஆனது என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் இல்லை.

பதில் ஆகஸ்ட் 13 நள்ளிரவில் வந்தது, பேருந்துகளோடும் போலீஸோடும். நடைபாதையை மறித்துப் போராடக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. கடைகளும் பேனர்களும் கட்சிக் கொடிக்கம்பங்களும் குடியிருக்கும் சென்னை நடைபாதை பாதசாரிக்கே சொந்தம் என்று அரசு இயந்திரம் ஒரே இரவில் நிரூபித்தது. பெண்களைத் தூக்கி, இழுத்து, வண்டியில் ஏற்றினார்கள். கொரோனா காலத்தில் முன்களப் பணியாளர் என்று மாலை போட்டதும் இந்தக் கழுத்துகளுக்குத்தான்.

விடிந்தது. ஆகஸ்ட் 14 அன்று அமைச்சரவை கூடி, தூய்மைப் பணியாளர்கள் மீது கருணை மழை பொழிந்தது: இலவசக் காலை உணவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். இருக்கும்போது கேட்ட சம்பளம் மட்டும் பட்டியலில் இல்லை. அந்தப் பெண்கள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் மாதம் 6,000 ரூபாய் போகிறது, நாளொன்றுக்கு 200. அதை எடுத்துக்கொண்டு இட்லி கொடுக்கிறார்கள். சென்னையின் எந்த நட்சத்திர ஓட்டலிலும் தூய்மைப் பணியாளர் இவ்வளவு விலை கொடுத்துச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

‘என் வரிப் பணம்’ என்று மார்தட்டும் நடுத்தர வர்க்கத்து அன்பர்களே, உங்கள் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022-ல் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை ஏறியது. 2024-ல் சென்னையில் இன்னொரு 6 விழுக்காடு. நீங்கள் கூடுதலாகக் கட்டுகிறீர்கள், கூட்டுகிறவளுக்குக் குறைகிறது. நடுவில் நிற்பது யார் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. வாசலில் குப்பை வண்டி இரண்டு நாள் வராதபோதுதான் உங்களுக்கு ஜனநாயகம் நினைவுக்கு வந்தது.

அவள் வரி கட்டவில்லை என்றும் நினைக்காதீர்கள். அந்த ஆகஸ்டில், உங்கள் குப்பை நாற்றத்தைக் கழுவ அவள் வாங்கிய குளியல் சோப்புக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2019 சலுகையில் தொடங்கிய தொழிற்சாலையின் லாபத்துக்கு 15. லாபத்தின் மீதான வரியும் விற்பனை மீதான வரியும் வேறுவேறு என்று பொருளாதார மேதைகள் திருத்துவார்கள். உண்மைதான். கொடுக்கிறவர்களின் மடியும் வேறுவேறுதான்.

துப்புரவில் மட்டும் இந்தக் கதை இல்லை. டாஸ்மாக் 2024-25-ல் அரசுக்கு 48,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டித் தந்தது. 2003 முதல் கல்லாவில் நின்று அந்தப் பணத்தை எண்ணுகிறவர்களுக்கு இன்னமும் தொகுப்பூதியம். அங்கன்வாடி, சத்துணவு, கௌரவ விரிவுரையாளர் என்று எங்கே பார்த்தாலும் வேலை நிரந்தரம், ஆள் தற்காலிகம். ஆண்டு முழுதும் நடக்கும் வேலையா என்று பார்த்து ஒப்பந்த முறையைத் தடைசெய்ய, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. குப்பை என்ன, மாம்பழம் போலப் பருவத்துக்கா வருகிறது?

ஒப்பந்தம் விட்டால் செலவு குறையும் என்கிறார்கள். லாரிக்கு டீசல் குறையாது, முதலாளிக்கு லாபம் குறையாது, குப்பையும் குறையாது. குறைவது கூலி மட்டும்தான். ஏழையின் கூலியைக் குறைப்பதற்கு நிர்வாகத் திறமை என்று பெயர் வைத்து, அதற்கு ஆலோசகர்களை வேறு அமர்த்துகிறார்கள். ஆலோசகருக்குக் கொடுக்கக் கஜானாவில் எப்போதும் காசு இருக்கிறது.

பொதுப்பணியில் இருப்பவருக்கு நியாயமான சம்பளம் தருவது தர்மம் அல்ல. வரி வாங்கியதற்கு அரசு செய்ய வேண்டிய முதல் வேலை அது. அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது உங்கள் வார்டு கவுன்சிலரை நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: நான் கட்டியதில் துடைப்பம் பிடித்த கைக்கு எவ்வளவு போனது? அவர் இட்லியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், சம்பளத்தைப் பற்றி மறுபடியும் கேளுங்கள்.