மனதைப் படிக்கும் கல்

மாயாஜாலக் கதைகளில் கல்தூண் என்றால் ஆள் மனதைப் படித்துவிடும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கமுள்ள பெருங்கற்காலக் கற்திட்டைகளுக்கும் அந்தச் சக்தி உண்டு போலும். சுற்றிலும் பலகைக்கல், மேலே மூடுகல், முகப்பில் வட்டத் துளை. ஊரார் குள்ளர் வீடு என்பார்கள். தொல்லியலார் ஈமச்சின்னம் என்பார்கள். எதிரில் நிற்பவர் மனதில் இருப்பது அப்படியே வெளியே வந்துவிடும்: காதலர் என்றால் கல்மேல் அம்பு பாய்ந்த இதயமும் இரண்டு இனிஷியலும், புதையல் ஆசாமி என்றால் அடியில் ஆளுயரப் பள்ளம். இதே மலையில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களைப் படித்துக்கொண்டிருக்கிறது. பாவம், அதற்கு ஆள் மனதைப் படிக்கத் தெரியாது; அதனால்தான் வாசலில் காவலாளி போட்டிருக்கிறார்கள்.