விலா எலும்புக்கு விளம்ப காலம்

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் புகையடுப்பில் வாட்டும் பன்றி விலாக் கறியின் மிருதுத் தன்மையை வீட்டு அவன் அடுப்பில் பெறுவது சாத்தியமா?

பதில்: சாத்தியமே; ஆனால் அவனுக்குச் சூடு எவ்வளவு அவசியமோ, அதன் எதிரே நிற்பவருக்கு நிதானம் அவ்வளவு அவசியம். விலாவின் உட்புறத்துச் சவ்வை உரித்தெறிந்து, உப்பு, பழுப்புச் சர்க்கரை, பாப்ரிகாத் தூள் முதலியவற்றைத் தடவி, அலுமினியத் தாளில் இறுகப் பொதிந்து, 135 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் விட்டுவிட்டால், தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம் பிடிவாதத்தைக் கைவிட்டு ஜெலட்டினாக இளகி, மாமிசத்தின் உட்சூடு 90 டிகிரியைக் கடக்கும் தறுவாயில், எலும்போடு கொண்ட பந்தத்தைத் தானே தளர்த்திவிடும். அவசரப்பட்டு உஷ்ணத்தை ஏற்றுகிறவருக்குக் கிட்டுவது செருப்புத் தோல்தான். தக்காளியும் கரும்புப்பாகும் கலந்த அவ்வூர் சாஸை ஆரம்பத்திலேயே பூசினால் சர்க்கரை கருகிவிடுமாதலால், கடைசியில் பூசி, மேல் அனலில் சில நிமிஷம் காட்டினால் போதும். விறகுப் புகையின் வாசனையை மட்டும் அவனிடம் எதிர்பார்க்கலாகாது. புகையூட்டிய பாப்ரிகாவைக் கொண்டு ஒருவாறு சமாதானம் அடையலாம். இடையிடையே கதவைத் திறந்து பார்க்கிறவர் வேகவைப்பது கறியையல்ல, சமையலறையை!