பேராசிரியருக்குப் பீஸ் ரேட்

கணியூரில் எம்.ஃபில் முடித்த பிள்ளைக்குப் பேராசிரியராகி உயர்கல்வியையே உருப்படவைக்கும் ஆசை. உருப்படவைக்கட்டும். அதற்கு முன் கூலிக் கணக்கு.

கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லியாயிற்று. நம் அரசுக் கல்லூரிகளில் 20,000 ஆக இருந்தது, மெல்ல ஏறி 25,000 ஆனது. மே மாதம் அதுவும் கிடையாது. கோடையில் அறிவுக்குப் பசிக்காது போலும். பக்கத்து வீட்டு பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, "பீஸ் ரேட்டுன்னு சொல்லிப்போட்டு ஷிப்ட் சம்பளம் குடுக்கறாங்களா கண்ணு? எங்க கம்பெனில இப்படிப் பண்ணுனா மெசின் ஓடாதுங்க" என்றார்.

நிரந்தர வேலைக்கு வழி இல்லாமலில்லை. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களை அறிவித்தது. ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. நெட், செட், பிஎச்.டி எல்லாம் வைத்திருப்பவர்கள் வயதை மட்டும் தவறாமல் கூட்டிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்கள்! நம் பிள்ளை ஒரு கல்லூரிக்குள் நுழைய ஏழெட்டு வருஷமாக வரிசையில் நிற்கிறான். அவர்களிடம் டியூஷன் போனால் தேவலை.