விண்ணப்பச் சிற்பி

ஏப்ரல் பிறந்தால் இடுக்கி மலைக் காந்தலூருக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஏப்ரலிலேயே மரத்தில் ஆப்பிளைத் தேடும் சுற்றுலாக்காரர் ஒருவர். செமஸ்டர் முடித்து ஊர் திரும்பும் பி.ஆர்க். மாணவர் மற்றவர். நம் கதாநாயகர் இரண்டாம் வகை.

ஐந்து வருடப் படிப்பில் எப்படியும் நாலு கோடை விடுமுறை உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பயிலரங்குக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்புவது என்று சபதம் செய்திருக்கிறார். எதற்குப் போவது என்று முடிவெடுப்பதற்குள் காலேஜ் திறந்துவிடும்.

காலையில் கோவில்கடவுப் பாறைக்கு இறங்கிப் போவார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறதாம். சாந்தே இல்லாமல் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே பலகைக்கல் மூடிய முனியறைகள் அந்தப் பாறையில் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அதில் ஒன்றின் நிழலில் சாய்ந்துகொண்டு, 'கல் கட்டுமானம் கற்க எந்த நாடு சிறந்தது' என்று போனில் தேடுவார்.

எதைச் சொன்னாலும் ஒரு குறை வைத்திருப்பார். ஆரோவில் புவி நிறுவனத்தில் மண்கல் அழுத்தி வளைவும் குவிமாடமும் கட்டச் சொல்லித் தருகிறார்களே என்றால், "மே மாசம் அங்க வெயில் தாங்காதுங்க." அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தின் கோடைப் பள்ளி? "அது அதைவிடக் கொதிக்கும்." லண்டனில் 1847-ல் தொடங்கிய ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்? "குளிரு." சொல்கிறவர் ஐயாயிரம் அடி உயரத்தில் கம்பளிக்குள் பிறந்து வளர்ந்தவர்.

எலிப்பொறிக் கட்டு முறையில் சுவர் எழுப்பி நாலில் ஒரு பங்கு செங்கலை மிச்சம் பிடிக்கச் சொன்ன லாரி பேக்கர்மேல் அவருக்கு உயிர். பேக்கர் பெயரில் திருவனந்தபுரம் பக்கம் விளப்பில்சாலையில் மையமே இருக்கிறது, போகலாமே என்றால் முகம் கோணும். "பேக்கரே 1960-கள்ல நம்ம இடுக்கிக்கு வந்து வாகமண்ல குடியிருந்தவரு. அவரைத் தேடி நாம அங்க போறதா?"

வீட்டில் தொழுவத்து மண்சுவர் பெயர்ந்து கிடக்கிறது. "தம்பி, கொத்தனாரு வந்திருக்காரு. கூட நின்னு மண்ணு மிதிச்சுக் குடு" என்பார் அம்மா.

"மண் கட்டுமானத்துக்குத்தாம்மா விண்ணப்பம் எழுதிட்டு இருக்கேன். நாளைக்குக் கடைசித் தேதி."

கொத்தனாருக்கு ஆர்வம் வந்துவிடும். "அங்க போனா என்ன வேலை தம்பி?"

"மண்ணு மிதிக்கணும்ண்ணா."

"கூலி?"

"நாமதான் கட்டணும்."

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசிப்பார். "அப்படிக் காசு கட்டி மிதிக்கிற ஆளுங்க நாலு பேரை இங்க அனுப்பி வையேன். சாப்பாடு நான் போடுறேன்."

சுவரைப் பூசவும் நம்மவர் விடுவதில்லை. பெயர்ந்த சுவர் அவருடைய போர்ட்ஃபோலியோவில் முழுப்பக்கப் படம், தலைப்பு 'மண்ணின் மௌனம்'. அந்தி வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்கும்வரை மாடு மழையில் நனைய வேண்டியதுதான்.

இந்த உழைப்பு வீணாகாது. கடைசி வருடம் வரும்போது அவர் ஒரு பயிலரங்குக்கும் போயிருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொன்றின் கட்டணம், கடைசித் தேதி, தங்குமிடத்தில் கொசு உண்டா என்பது வரை விரல்நுனியில் இருக்கும். சமையல் குறிப்பு படித்தே ஏப்பம் விடும் கலை அது. ஜூனியர்கள் வரிசையில் நின்று ஆலோசனை கேட்பார்கள். "ஆரோவில்லா? தொப்பி எடுத்துக்கோ. விண்ணப்பத்துல தாத்தா வீட்டுத் திண்ணையைப் பத்தி ரெண்டு வரி கட்டாயம் எழுது."

அதைக் கேட்டு நிஜமாகவே போய்வந்த ஜூனியர் ஒருவன், அங்கே கட்டிய வளைவைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பான். "இருடா, எனக்குத் தெரியாதா?" என்று அவனை உட்காரவைத்து, மீதி அனுபவத்தை நம்மவரே சொல்லி முடிப்பார்.